எச்சரிக்கை யாரிடம் போய்ச் சேர்ந்தது? மருத்துவமனைத் தலைமையும் இணையப் பாதுகாப்பும்

டப்ளின் நகரின் ரொட்டண்டா மகப்பேறு மருத்துவமனை 2021 மே 14, வெள்ளிக்கிழமை காலை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 36 வாரமோ அதற்கு மேலோ ஆன கர்ப்பிணிகள் மட்டும் வரலாம். அவசரம் இல்லாத மற்றப் புறநோயாளிகள் அன்றைக்கு வர வேண்டாம். பிரசவ அறையில் எதுவும் பழுதாகவில்லை. மருத்துவர்களுக்கோ செவிலியர்களுக்கோ பஞ்சமில்லை. ஆனால் வந்திருப்பவரின் முந்தைய ஸ்கேனில் என்ன தெரிந்தது, இரத்தப் பரிசோதனை என்ன சொன்னது என்று பார்க்க வழியில்லாமல் போயிருந்தது. அயர்லாந்தின் பொதுச் சுகாதாரச் சேவையை நடத்தும் எச்.எஸ்.இ. அமைப்பு அன்று அதிகாலை தன் கணினி அமைப்புகள் அனைத்தையும் தானே நிறுத்திவிட்டது. கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறவுகோலுக்குப் பணம் கேட்கும் ரான்சம்வேர் நிரல் ஒன்று நள்ளிரவு ஒரு மணியளவில் அதன் வலையமைப்புக்குள் ஓடத் தொடங்கியிருந்தது. 54 மருத்துவமனைகள், 4,000-க்கும் மேற்பட்ட இடங்கள், 70,000-க்கும் மேற்பட்ட கணினிகள் கொண்ட அமைப்பு அது. கோவிட் நோயாளிகள் படுக்கைகளில் இருந்த காலம்.

இப்படி ஒன்று நடந்ததும் எல்லோரும் கேட்பது, "எப்படி உள்ளே வந்தார்கள்?" என்பதுதான். தொழில்நுட்ப வல்லுநர்களுக்கு அது முக்கியமான கேள்வி. மருத்துவமனையை நடத்துபவர்களுக்கு அதைவிட முக்கியமான வேறொரு கேள்வி உண்டு என்று கருதுகிறேன். உள்ளே வந்தது தெரிந்த பிறகு அந்தச் செய்தி யாரிடம் போய்ச் சேர்ந்தது? சேர்ந்தவருக்கு என்ன செய்ய அதிகாரம் இருந்தது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியை அயர்லாந்து நிகழ்வை மையமாக வைத்து ஆராய்கிறது. ஒப்பிடுவதற்கு இங்கிலாந்து, சிங்கப்பூர், டெல்லி ஆகிய இடங்களின் அனுபவங்களையும் எடுத்துக்கொள்கிறது.

சான்றுகளைப் பற்றி

எச்.எஸ்.இ. நிகழ்வுக்கு முதன்மைச் சான்று, அதன் நிர்வாகக் குழுவின் பொறுப்பில் பி.டபிள்யூ.சி. நிறுவனம் தயாரித்து 2021 டிசம்பரில் வெளியான அறிக்கை. தாக்குதலுக்கு உள்ளான அமைப்பே கேட்டு வாங்கிய அறிக்கை என்பதால் அதை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். மருத்துவமனைகளின் பெயர்களை மறைத்து எழுத்துகளால் மட்டுமே அது குறிக்கிறது. இருந்தும் தன்னைப் பணியமர்த்தியவர்களுக்குச் சாதகமாக அது எழுதப்படவில்லை என்பதை அதன் பக்கங்களே காட்டுகின்றன. இங்கிலாந்துக்கு, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் 2017 அக்டோபர் அறிக்கை இருக்கிறது. சிங்கப்பூருக்கு, விசாரணைக் குழு 2019 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இருக்கிறது. டெல்லி எய்ம்ஸ் நிகழ்வைப் பற்றி இங்கே நான் நம்பி நிற்பது நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதிலின் சில வரிகளை. நான்கும் ஒரே எடையுள்ள சான்றுகள் அல்ல.

எட்டு வாரங்கள்

அயர்லாந்தில் தாக்குதல் தொடங்கியது மே 14 அன்று அல்ல. மார்ச் 16 அன்று ஒரு பணியாளருக்குப் போலி மின்னஞ்சல் ஒன்று வந்தது. அதில் இணைத்திருந்த எக்செல் கோப்பை மார்ச் 18 அன்று அவர் திறந்தார். ஊடுருவிகளுக்கு முதல் கணினி கிடைத்தது. அன்றிலிருந்து நிரல் ஓடிய இரவு வரை எட்டு வாரங்கள்.

அந்த எட்டு வாரமும் அவர்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்தார்கள் என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். உண்மை வேறு. மார்ச் 31 அன்றே அந்த முதல் கணினியில் இருந்த ஆன்டிவைரஸ், ஊடுருவிகள் வழக்கமாகக் கையாளும் கோபால்ட் ஸ்ட்ரைக், மிமிகாட்ஸ் ஆகிய இரு கருவிகளும் இயங்குவதைக் கண்டுபிடித்தது. ஆனால் அந்த ஆன்டிவைரஸ் கண்காணிக்க மட்டும் அமைக்கப்பட்டிருந்தது, தடுக்க அல்ல. கண்டதைப் பதிவு செய்துவிட்டு நின்றுவிட்டது. காவலுக்கு ஆள் வைத்து, திருடனைப் பார்த்தால் நோட்டில் எழுதி வை என்று சொன்னதைப் போன்ற ஏற்பாடு.

மே 7 அன்று ஊடுருவிகள் எச்.எஸ்.இ.யின் சர்வர்களுக்குள் முதன்முறையாக நுழைந்தார்கள். அடுத்த சில நாட்களில் ஒன்றன்பின் ஒன்றாக மருத்துவமனைகளுக்குள் போனார்கள். மே 10 அன்று ஒரு மருத்துவமனை சந்தேகத்துக்குரிய நடமாட்டத்தைக் கவனித்தது. மே 12 அன்று இன்னொரு மருத்துவமனை தான் கண்டதை எச்.எஸ்.இ.க்கே தெரிவித்தது. மே 13 அன்று, எச்.எஸ்.இ.க்குப் பாதுகாப்பு மென்பொருள் வழங்கும் நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியது. மே 7 முதல் குறைந்தது 16 கணினி அமைப்புகளில் கவனிக்கப்படாத ஆபத்து நிகழ்வுகள் இருப்பதாக அது சொன்னது.

அந்த மின்னஞ்சலுக்குப் பின் நடந்ததை நான் பலமுறை திரும்பப் படித்தேன். பாதுகாப்புப் பிரிவு, சர்வர்களைக் கவனிக்கும் பிரிவிடம் அந்தச் சர்வர்களை மறுபடி இயக்கச் சொன்னது. அவ்வளவுதான். நின்றுபோன கணினியை அணைத்துப் போடுவது எல்லா அலுவலகத்திலும் கைவந்த பழக்கம். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை; நோயாளி யாருக்கும் நீண்ட தடங்கல் வராது. மறுநாள் நள்ளிரவு ஒரு மணிக்கு நிரல் ஓடியது. அமைப்பின் கணினிச் சூழலில் சுமார் 80 விழுக்காடு பூட்டப்பட்டது.

அதே வலையமைப்பில், அதே ஊடுருவிகளால், அதே நாட்களில் தாக்கப்பட்ட வேறு இரு இடங்கள் தப்பின என்பதையும் அந்த அறிக்கையே சொல்கிறது. பெயர் குறிப்பிடப்படாத ஒரு மருத்துவமனை ஒன்று. அயர்லாந்தின் சுகாதாரத் துறை மற்றொன்று. இரண்டும் தங்களுக்கு வந்த எச்சரிக்கையைத் துருவிப் பார்த்து நிரல் ஓடுவதற்கு முன்பே தடுத்தன. ஆகவே "இவ்வளவு திறமையான குற்றக்கும்பலை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது" என்ற ஆறுதல் அயர்லாந்தில் செல்லாது. ஒரே வாரத்தில் ஒரே ஆபத்துக்கு இரண்டு விதமான முடிவுகள் கிடைத்திருக்கின்றன. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதே ஆராய வேண்டியது.

வழக்கமான மூன்று விளக்கங்கள்

முதல் விளக்கம்: பணியாளர் தவறு செய்தார். கோப்பைத் திறந்த அந்த ஒருவர்மேல் பழி விழுகிறது. பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும் என்ற முடிவு அதிலிருந்து எளிதாகக் கிடைக்கிறது. எச்.எஸ்.இ.யில் 1,30,000 பேர் வேலை செய்தார்கள். ஒரு நாளும் ஒருவரும் தவறான கோப்பைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில் நிற்கும் மருத்துவமனை எந்த நாட்டிலும் நிலைக்காது. இரவுப் பணியில் களைத்திருக்கும் செவிலியர் ஒருவர் தவறாகத் தொட்டுவிட்டாலும் அடுத்த படுக்கைக்கு மருந்து போய்ச் சேர வேண்டும். அப்படிச் சேரும் அமைப்பைக் கட்டுவதுதான் தலைமையின் வேலை. இந்த விளக்கத்தை நான் முற்றாக மறுக்கிறேன்.

இரண்டாவது விளக்கம்: பழைய கணினிகள். இதில் உண்மை உண்டு. எச்.எஸ்.இ.யில் 30,000-க்கும் மேற்பட்ட கணினிகள் காலாவதியான விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருந்தன. 2005-இல் வட்டாரச் சுகாதார வாரியங்களை ஒன்றாக்கி உருவான அமைப்பு அது. ஒவ்வொரு வாரியமும் கொண்டுவந்த கணினிகள் ஒட்டுப்போட்டு ஒன்றாக்கப்பட்டவை. அவற்றுக்கிடையே தடுப்புச் சுவர்கள் இல்லாததால் ஓரிடத்தில் நுழைந்தவர் எல்லா இடத்துக்கும் போக முடிந்தது. ஆனால் பழமையே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வதை இங்கிலாந்தின் அனுபவம் தடுக்கிறது.

2017 மே 12 அன்று வானாக்ரை என்ற நிரல் உலகெங்கும் பரவியபோது இங்கிலாந்தின் என்.எச்.எஸ். அமைப்பில் 236 டிரஸ்டுகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. டிரஸ்ட் என்பது ஒரு வட்டாரத்தின் மருத்துவமனைகளை நடத்தும் நிர்வாக அலகு. 595 குடும்ப மருத்துவர் நிலையங்களிலும் நிரல் புகுந்தது. ஐந்து இடங்களில் அவசர நோயாளிகளை வேறு மருத்துவமனைக்குத் திருப்ப வேண்டியிருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி என்ற கிழட்டு இயங்குதளத்தை விட்டொழிக்காததுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். தணிக்கை அலுவலகம் கண்டது வேறு. தொற்றுக்குள்ளான கணினிகளில் பெரும்பாலானவை அப்போது மைக்ரோசாப்ட் ஆதரவில் இருந்த விண்டோஸ் 7 கொண்டவை. அவற்றுக்கான பாதுகாப்புத் திருத்தம் மார்ச் மாதமே வந்துவிட்டது. அதை நிறுவச் சொல்லி மார்ச் 17 அன்றும் ஏப்ரல் 28 அன்றும் டிரஸ்டுகளுக்கு எச்சரிக்கைகள் போயின. நிறுவப்படவில்லை. அதற்கு முன்பே 88 டிரஸ்டுகளை நேரில் சோதித்திருந்தார்கள், ஒன்றுகூடத் தேறவில்லை. தேறாதவர்களைத் திருத்தச் சொல்லி வற்புறுத்தும் அதிகாரம் சோதித்தவர்களிடம் இல்லை. பழைய கணினி என்ற விளக்கம் இங்கே வேறொன்றாக மாறுகிறது: எச்சரிக்கை வந்தது, அதன்படி நடந்தாக வேண்டியவர் யார் என்பது தெளிவாக இல்லை.

மூன்றாவது விளக்கம் பணம். இதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. மருத்துவமனைத் தலைவரின் மேசையில் இரண்டு கோப்புகள் இருக்கின்றன. ஒன்று டயாலிசிஸ் இயந்திரம் கேட்கிறது. வாசலில் காத்திருக்கும் முகங்கள் அதற்குச் சாட்சி. மற்றொன்று வலையமைப்பைப் பிரித்துத் தடுப்புகள் போடப் பணம் கேட்கிறது. அது வெற்றி பெற்றால் எதுவுமே நடக்காது. நடக்காத ஒன்றைக் காட்டி அடுத்த ஆண்டு பணம் கேட்க வேண்டும். டயாலிசிஸ் இயந்திரத்தை வாங்கும் தலைவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. எச்.எஸ்.இ.யில் சைபர் பாதுகாப்புக்கென்று இருந்தவர்கள் ஏறத்தாழ 15 பேர். 70,000 கணினிகளுக்கு அது எந்தக் கணக்கிலும் போதாது.

ஆயினும் பணக்குறைவு விளக்க முடியாத ஒன்று இருக்கிறது. எச்.எஸ்.இ.யின் ஆபத்துப் பதிவேட்டில் சைபர் தாக்குதல் 2019 முதலே உயர் ஆபத்தாகப் பதிவாகியிருந்தது. நிகழ வாய்ப்பு நான்கு, விளைவு நான்கு, பெருக்கினால் பதினாறு என்று மதிப்பெண்ணும் போட்டிருந்தார்கள். தெரியாமல் இருந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பதினாறைத் தன் பொறுப்பாகத் தூக்கிச் சுமக்க உயர்மட்டத்தில் ஒருவரும் நியமிக்கப்படவில்லை. தகவல் பாதுகாப்புக்குத் தலைமை அதிகாரி என்ற பதவியே அங்கே இல்லை. ஒரு பதவியை உருவாக்க ஆகும் செலவு, அவ்வளவு பெரிய அமைப்பின் வரவுசெலவில் கண்ணுக்குத் தெரியாத தொகை.

சிங்கப்பூர்: பதவி இருந்தும்

அப்படியானால் பதவியை உருவாக்கிவிட்டால் போதுமா? சிங்கப்பூர் அனுபவம் இதற்கு எதிர்ச்சான்று. அங்கே பணக்குறைவு இல்லை. மருத்துவமனைகளின் கணினிகளைக் கவனிக்க ஐ.எச்.ஐ.எஸ். என்ற தனி நிறுவனமே இருந்தது. சம்பவங்களைக் கையாளும் மேலாளர், தகவல் பாதுகாப்பு அதிகாரி என்ற பதவிகளில் ஆட்களும் இருந்தார்கள். 2018 ஜூன் 27 முதல் ஜூலை 4 வரை, சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. 1,60,000 பேருக்குத் தரப்பட்ட மருந்துகளின் பட்டியலும் போனது. அவர்களில் ஒருவர் அன்றைய பிரதமர் லீ சியென் லூங்.

தரவுத்தளத்தில் நுழையும் முயற்சிகளைக் கீழ்நிலைப் பணியாளர்கள் ஜூன் 11 முதலே கண்டார்கள்; மேலே சொல்லவும் செய்தார்கள். ஜூலை 4 அன்று தரவுத்தள நிர்வாகி ஒருவர் வழக்கத்துக்கு மாறான வினவல்களைக் கவனித்துத் தாமாகவே நிறுத்தினார்; திருட்டு நின்றது அவரால்தான். ஆனால் இடையில் இருந்த பொறுப்பாளர்கள் உரிய நேரத்தில் அதை மேலிடத்துக்குக் கொண்டுபோகவில்லை என்று விசாரணைக் குழு கண்டது. மேலிடத்துக்கு முறைப்படி செய்தி போனபோது ஜூலை 10 ஆகியிருந்தது. புகார் கொடுத்தால் தன்மேல் நெருக்கடி விழும் என்ற அச்சமும் அந்தத் தயக்கத்தில் இருந்தது விசாரணையில் வெளிப்பட்டது.

இங்கேதான் என் வாதத்தைக் கூர்மைப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதவி மட்டும் போதாது. மருத்துவமனையில் ஒரு சர்வரைத் துண்டிப்பது சிறிய காரியம் அல்ல. ஆய்வக முடிவு வார்டுக்குப் போகாது. அறுவை அரங்கில் ஸ்கேன் படம் திறக்காது. சந்தேகம் பொய்யாகிவிட்டால், "உன்னால் இரண்டு மணி நேரம் மருத்துவமனை நின்றது" என்ற பேச்சு ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில் இடைநிலை மேலாளர் என்ன செய்வார்? இன்னும் கொஞ்சம் உறுதி செய்துகொள்வோம் என்று காத்திருப்பார், அல்லது சர்வரை அணைத்துப் போடச் சொல்வார். டப்ளினிலும் சிங்கப்பூரிலும் நடந்தது இதுதான். அவர்களைக் கோழைகள் என்று நான் கருதவில்லை. "துண்டிக்கலாம், சந்தேகம் தவறாகப் போனாலும் உன்னைக் குற்றம் சொல்லமாட்டோம்" என்று தலைமை முன்கூட்டியே எழுதிக் கொடுக்காத ஓர் அதிகாரத்தை இரவு பதினொரு மணிக்கு ஒரு மேலாளர் தாமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல.

சிங்கப்பூர் பின்னர் நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. ஐ.எச்.ஐ.எஸ். நிறுவனத்துக்கு 7,50,000 சிங்கப்பூர் வெள்ளியும் சிங்ஹெல்த்துக்கு 2,50,000 வெள்ளியும் அபராதம் விதிக்கப்பட்டன. பணியாளர் இருவர் நீக்கப்பட்டார்கள். அதோடு நிற்காமல், தலைமைச் செயல் அதிகாரி உட்பட மூத்த நிர்வாகிகள் ஐவருக்கும் பணத் தண்டனை கிடைத்தது. விழிப்போடு செயல்பட்ட மூன்று பணியாளர்களுக்குப் பாராட்டுக் கடிதமும் தரப்பட்டது. தண்டனையைவிட அந்தக் கடிதங்களுக்கே நான் அதிக மதிப்பு தருவேன். அடுத்த முறை சந்தேகம் வருகிறவர் அவற்றை நினைத்துக்கொள்வார்.

டெல்லி

2022 நவம்பர் 23 அன்று எய்ம்ஸ் மருத்துவமனையின் இ-ஹாஸ்பிடல் அமைப்பு முடங்கியது. புறநோயாளிப் பதிவு, ஆய்வக முடிவுகள், கட்டணம் எல்லாம் கையால் எழுதும் முறைக்குத் திரும்பின. ஏறத்தாழ இரண்டு வாரம் அந்த நிலை நீடித்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, ஏறத்தாழ 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, வலையமைப்பு முறையாகப் பிரிக்கப்படாததே ஊடுருவலுக்கு வழிவிட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. பாதிக்கப்படாத ஒரு சர்வரில் காப்புப் பிரதி இருந்ததால் தரவை மீட்க முடிந்தது. அது தற்செயலா, திட்டமிட்டதா என்று இந்தச் சில வரிகளிலிருந்து சொல்ல முடியாது. கணினிப் பகுப்பாய்வாளர் இருவர் இடைநீக்கம் செய்யப்பட்டதாகச் செய்திகள் வந்தன.

வலையமைப்பைப் பிரிப்பது பகுப்பாய்வாளர் இருவர் முடிவு செய்யும் காரியம் அல்ல. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும், துறைத் தலைவர்கள் தங்கள் வசதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், சில நாட்கள் சேவையை நிறுத்தி வேலை செய்ய இசைய வேண்டும். இவை மூன்றும் தலைமை அறையில் நடப்பவை. அரசே சொன்ன காரணத்தையும் நடவடிக்கை குறித்து வந்த செய்தியையும் அருகருகே வைத்தால் பொருத்தம் தெரியவில்லை.

இந்தியாவின் சட்டச் சூழல் அண்மை ஆண்டுகளில் இறுகியிருக்கிறது. சம்பவம் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த ஆணை 2022 ஏப்ரலிலேயே வந்தது. தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. தரவு திருடு போவதை மட்டுமல்லாமல், அதை எட்ட முடியாமல் போவதையும் அச்சட்டம் மீறலாகவே கருதுகிறது, இது நல்லது. ஆனால் ஆறு மணி நேரக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது? யாரோ ஒருவர் "இது தாக்குதல்தான்" என்று சொன்ன பிறகு. அந்தச் சொல்லைச் சொல்லும் துணிவு யாருக்கு என்பதைச் சட்டம் தீர்த்துவைக்காது.

உயிர் போனதா?

மருத்துவர்கள் பெரும்பான்மையாக இருக்கும் நிர்வாகக் குழுவில் இறுதியில் கேட்கப்படும் கேள்வி இதுதான்: இதனால் நோயாளி யாராவது இறந்தாரா? சான்றுகள் ஒரே திசையில் போகவில்லை. அதை மறைக்காமல் சொல்வது அவசியம்.

வானாக்ரை வாரத்தின் மருத்துவமனைத் தரவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, பாதிக்கப்பட்ட மருத்துவமனைகளில் உள்நோயாளிச் சேர்க்கை குறைந்ததைக் காட்டியது. இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை. ஜெர்மனியின் டூசல்டோர்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனை 2020 செப்டம்பரில் முடங்கியபோது, 78 வயதுப் பெண்மணி ஒருவர் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருந்த வூப்பர்டாலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு இறந்தார். ரான்சம்வேரால் நேர்ந்த முதல் மரணம் என்று உலகச் செய்திகள் எழுதின. வழக்கு விசாரித்தவர்கள், தாக்குதலுக்கும் மரணத்துக்கும் காரணத் தொடர்பை நிறுவ முடியாது என்ற முடிவுக்கு வந்தார்கள். இன்றும் பல மேடைகளில் அந்த மரணம் நிறுவப்பட்ட உண்மையாகச் சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்வது தவறு.

மறுபக்கம், அமெரிக்காவின் மெடிகேர் காப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்த மெக்லேவ், நெப்ராஷ், நிக்பே ஆகியோர் 2023-இல் வேறொரு முடிவை வெளியிட்டார்கள். தாக்குதல் தொடங்கியபோது ஏற்கனவே படுக்கையில் இருந்தவர்களின் இறப்பு விகிதம் கூடியது என்றும், 2016 முதல் 2021 வரை 42 முதல் 67 மெடிகேர் நோயாளிகள் இதனால் இறந்திருக்கலாம் என்றும் மதிப்பிட்டார்கள். இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கின்றனவா? அவசியம் இல்லை. வானாக்ரை ஒரு வாரத்தில் அடங்கியது. அமெரிக்கத் தாக்குதல்களில் பல அதைவிட நீண்டவை. ஒன்று எல்லா நோயாளிகளையும் கணக்கிட்டது. மற்றொன்று மிக வலுவிழந்த நிலையில் உள்ளே மாட்டிக்கொண்டவர்களைப் பிரித்துப் பார்த்தது. எத்தனை நாள் நின்றது, யார் படுக்கையில் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தே விளைவு என்று இரண்டையும் சேர்த்து வாசிக்கலாம்.

2024 ஜூன் 3 அன்று லண்டனில் நடந்தது இந்த வாதத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோயிற்று. தாக்கப்பட்டது மருத்துவமனை அல்ல. அதற்கு இரத்தப் பரிசோதனை செய்து தரும் சின்னோவிஸ் நிறுவனம். கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையும் கைஸ் அண்டு செயின்ட் தாமஸ் மருத்துவமனையும் 10,000-க்கும் மேற்பட்ட புறநோயாளிச் சந்திப்புகளையும் 1,700-க்கும் மேற்பட்ட அறுவைகளையும் தள்ளிவைத்தன. இரத்த வகையை விரைவாகப் பொருத்திப் பார்க்க முடியாததால், பெரும்பாலோருக்கு ஏற்றக்கூடிய ஓ வகை இரத்தத்தைத் தானமாகத் தரும்படி நாடு முழுவதும் வேண்டுகோள் விடப்பட்டது. 2025 ஜூனில் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனை, அந்த நாட்களில் இறந்த ஒரு நோயாளியின் விஷயத்தில், இரத்தப் பரிசோதனை முடிவு தாமதமானதும் காரணங்களில் ஒன்று என்று உறுதி செய்தது.

கைக்கு எட்டாதவை

சின்னோவிஸ் நிகழ்வு என் வாதத்துக்கு ஓர் எல்லையும் போடுகிறது. அதிகாரத்தை எவ்வளவு தெளிவாகப் பகிர்ந்து கொடுத்தாலும் மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் நிறுவனத்தின் கதவை அதன் தலைவர் பூட்ட முடியாது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் சேஞ்ச் ஹெல்த்கேர் நிறுவனம் முடங்கியபோது, காப்பீட்டுப் பணம் வராமல் நாடெங்கும் மருத்துவமனைகளும் மருந்துக் கடைகளும் திணறின. ஊடுருவிகள் நுழைந்த வாசலில் இரண்டாம் அடையாளச் சரிபார்ப்பு இல்லை என்று அதன் தாய் நிறுவனத் தலைவர் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2 கோடியே 20 லட்சம் டாலர் பிணைப்பணமும் கொடுக்கப்பட்டது. பாதிக்கப்பட்ட மருத்துவமனைகள் செய்த தவறு என்று அங்கே எதையும் சுட்ட முடியவில்லை.

மருத்துவக் கருவிகளும் இதே வகை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் இருக்கும் கணினியைத் திருத்த, தயாரித்த நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அது வர மாதங்கள் ஆகும். வானாக்ரையில் 1,220 நோயறியும் கருவிகள் தொற்றுக்குள்ளாயின. இவற்றில் தலைமை செய்யக்கூடியது, வாங்கும்போதே ஒப்பந்தத்தில் கேட்பதும், கருவியை வலையமைப்பில் தனியறையில் வைப்பதும்தான்.

காகிதத்துக்குத் திரும்புதல்

அயர்லாந்து அரசு பணம் கொடுக்க மறுத்தது. மே 20 அன்று ஊடுருவிகள் தாங்களாகவே திறவுகோலை வெளியிட்டார்கள். மீட்பு வெற்றியைப் பேசுகிறவர்கள் இதை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அந்தத் திறவுகோல் இல்லாமல் எல்லாவற்றையும் மீட்டிருக்க முடியுமா என்று தெரியாது, மீட்டிருந்தாலும் மிக நீண்ட காலம் ஆகியிருக்கும் என்று அறிக்கை ஒப்புக்கொள்கிறது. வலையமைப்போடு தொடர்பில்லாத நாடாக்களில் காப்புப் பிரதி எடுக்கும் வழக்கம் அங்கே அவ்வப்போதுதான் இருந்தது. திறவுகோல் கையில் கிடைத்த பிறகும் செப்டம்பர் 21 வரை, நான்கு மாதங்களுக்கு மேல், வேலை நடந்தது. சுமார் 90,000 பேருக்கு அவர்களுடைய தரவு திருடப்பட்டதாகக் கடிதம் எழுத வேண்டிவந்தது.

அந்த மாதங்களில் மருத்துவமனைகள் நடந்தது பேனாவாலும் காகிதத்தாலும். நம் ஊர் மருத்துவமனைக் கவுன்ட்டரில் "சர்வர் டவுன்" என்ற சொல்லைக் கேட்காதவர் குறைவு. நோயாளி கையிலேயே நோட்டும் பழைய சீட்டுகளும் ஸ்கேன் படமும் இருக்கும் பழக்கம் இங்கே இன்னும் அழியவில்லை. ஆனால் முழுக்கத் திரைக்கு மாறிவிட்ட மருத்துவமனையில் பத்தாண்டாக வேலை செய்யும் இளம் மருத்துவருக்கு மருந்துக் கட்டளையைக் கையால் எழுதி வார்டு வார்டாகக் கொண்டுபோகும் ஒழுங்கு தெரிந்திருக்காது. அதைப் பயிற்சியாகச் செய்து பார்க்க ஆண்டுக்கு இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாளை ஒதுக்க முடிவது தலைவரால் மட்டுமே. தகவல் தொழில்நுட்பப் பிரிவு கேட்டால் மருத்துவர்கள் வரமாட்டார்கள்.

டப்ளினில் முதல் சில நாட்களில் இன்னொரு குறையும் தெரிந்தது. மின்னஞ்சல் இல்லை, யாரை எந்த எண்ணில் அழைப்பது என்ற பட்டியலும் அணைந்த கணினிக்குள் இருந்தது. எச்.எஸ்.இ.யிடம் 1,087 மென்பொருள் பயன்பாடுகள் இருந்தன. எவற்றை முதலில் எழுப்ப வேண்டும், எது எதைச் சார்ந்து நிற்கிறது என்ற ஒழுங்கான பட்டியல் கைவசம் இல்லாததால் அதைத் திரட்டுவதிலேயே நேரம் போனது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சையில் இருந்தவர்களைத் தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்ப ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. கதிர்வீச்சுத் திட்ட மென்பொருளா, இரத்த வங்கியா, குழந்தைப் பிறப்புப் பதிவா, எது முதலில் என்று கணினிப் பொறியாளர்கள் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவர்களும் நிர்வாகிகளும். முதன்முறையாக அந்தக் கேள்வியை அவர்கள் எதிர்கொண்டது அந்த வாரத்தில்தான்.